இருபது வளைவுக்குள் முடிகிற ஆல்பங்கள்

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஏற்காட்டில் வேலை. ஒரு காபி எஸ்டேட்டின் கணக்கு. பெரிதாக ஒன்றுமில்லை, கூலிப் பட்டியல், உர பில், மிளகு விற்ற ரசீது, அவ்வளவுதான். அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினால் கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் ஒரே சத்தம், பாட்டு கேட்கவே முடியாது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும்தான் பஸ் அடங்கும். பாதிப் பேருக்குத் தூக்கம், மீதிப் பேருக்கு வாந்தி வந்துவிடுமோ என்ற பயம். அங்கே ஆரம்பித்து இருபதாவது வளைவையும் தாண்டி மேலே ஏரி தெரிகிற வரைக்கும் எப்படியும் முக்கால் மணி நேரம். போனில் சிக்னல் வரும், போகும், பெரும்பாலும் போகும். உட்கார இடம் கிடைக்காத நாளில் ஒரு கை கம்பியில், ஒரு கை டிபன் பையில், பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட மூன்றாவது கை கிடையாது. அதனால் முந்தின நாள் ராத்திரி எதை இறக்கி வைத்தேனோ அதை முதலிலிருந்து கடைசி வரை கேட்டே ஆக வேண்டும்.

ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்க நான் பழகியது இப்படித்தான், ரசனையால் அல்ல. பழைய எல்பி ரெக்கார்டு ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிஷம் ஓடும், இரண்டு பக்கமும் சேர்த்தால் கிட்டத்தட்ட நம் மலைப்பாதை. பத்தாவது வளைவில் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டதாக நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், பாதி வழியில் காது அடைத்துக்கொள்ளும். முதலில் பேஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த சத்தம், காணாமல் போகும், அப்புறம் குரல் பஞ்சுக்குள் போன மாதிரி ஆகும், எச்சிலை விழுங்கினால் டப்பென்று எல்லாம் திரும்பி வரும். அதனால் எனக்குப் பிடித்த எந்த ஆல்பத்திலும் நடுப்பாட்டு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நாலாவது பாட்டு, ஐந்தாவது பாட்டு பற்றி நான் ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் ஊரில் ஆல்பம் என்றாலே சினிமாதான். ஐந்து பாட்டு, ஒரு தீம் மியூசிக், முடிந்தது. ஒருவன் 'தனி ஆல்பம்' போட்டிருக்கிறான் என்று சொன்னால், அவனுக்கு சினிமாவில் இன்னும் சான்ஸ் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் சேலம் சினிமா எடுத்த ஊர் வேறு. 1930களில் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்து நூற்றுக்கு மேல் படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது, உள்ளே ஸ்டுடியோதான் இல்லை. பஸ் அதைத் தாண்டித்தான் போகும். என் கணக்கில் அது பூஜ்யமாவது வளைவு.

அதனால் சினிமா இல்லாத, பெயர் கேள்விப்படாத ஆட்களின் ஆல்பங்களை நான் கேட்க ஆரம்பித்தபோது அதைச் சொல்லிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். பகலெல்லாம் பட்டறை, ராத்திரியானால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் பட்டறை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும், அத்தை திட்டிக்கொண்டே இருப்பார். மேடையில் வயலின் செக்‌ஷன், புல்லாங்குழல், நாகஸ்வரம், சில நாள் நாய் குரைப்பது உட்பட எல்லாம் மாமாவின் கீபோர்டிலிருந்துதான் வர வேண்டும். இருபது வருஷம் வாசித்தார். ஒரு தடவைகூட அவர் பெயர் நோட்டீஸில் வந்ததில்லை, 'மற்றும் குழுவினர்' என்பதில் அவர் அந்த 'மற்றும்'.

மாமாவிடம் நான் முதலில் போட்டுக் காட்டியது சரண்ஜித் சிங்கின் ஆல்பம். பெயரைத் தமிழில் சொன்னால் 'டிஸ்கோ தாளத்துக்குப் பத்து ராகங்கள்' என்று வரும். 1982இல் பதிவானது. சிங் பம்பாயில் இந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராவில் கிடாரும் சிந்தசைசரும் வாசித்த ஆள். சினிமாப் பாட்டுகளைக் கருவியில் வாசித்து எல்பி போட்டவர். அதாவது நம் மாமா ஜாதி, கொஞ்சம் பெரிய மேடையில். அவர் கையில் மூன்று ரோலண்ட் மெஷின்கள் வந்து சேர்ந்தன. ஜூபிடர் 8 என்ற சிந்தசைசர், டி.ஆர். 808 என்ற தாளப் பெட்டி, டி.பி. 303 என்ற பேஸ் பெட்டி. மூன்றையும் ஒன்றோடொன்று கோத்து, தாளமும் பேஸும் தானாக ஓட, மேலே ராகத்தை இவர் கையால் வாசித்தார். பாடகர் இல்லை, தபலா இல்லை. ஒரு ராகத்துக்கு ஐந்து நிமிஷம் மாதிரி, பத்து ராகம். எச்.எம்.வி. வெளியிட்டது, யாரும் சீண்டவில்லை.

இதில் வேடிக்கை அந்த டி.பி. 303தான். தனியாக கிடார் வாசிக்கிறவனுக்குக் கூட பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால் இந்தப் பெட்டி வாசிக்கட்டும் என்று செய்தார்கள். நிஜ பேஸ் மாதிரி துளியும் இல்லை, சேற்றில் மாட்டிய தவளை மாதிரி கத்தும். விற்கவில்லை. 1984லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சிகாகோவில் பையன்கள் அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, அந்தத் தவளைச் சத்தத்தையே முன்னால் வைத்து 1987 வாக்கில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு நடன இசையை உண்டாக்கினார்கள், உலகம் முழுக்க ஓடியது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் ஒருவர் அதே பெட்டிகளோடு ஏறக்குறைய அதே சத்தத்தைப் போட்டு வைத்திருக்கிறார், அவருக்கு சிகாகோவும் தெரியாது, சிகாகோவுக்கு அவரையும் தெரியாது. 2010இல் அந்த ரெக்கார்டு வெளிநாட்டில் மறுபடி வெளிவந்தபோது நிறையப் பேர் இது புரளி, இப்போது யாரோ செய்துவிட்டு பழைய தேதி போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தார்களாம். சிங் எழுபது வயதுக்கு மேல் வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்தார், 2015இல் காலமானார்.

ஆனால் அந்த 'முதலில் செய்தவர் யார்' கதைக்காக நான் இதைக் கேட்பதில்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது என் குறை. ராகங்களைக் கவனியுங்கள். பெயர்கள் எல்லாம் இந்துஸ்தானி, ஆனால் நமக்குப் பெரும்பாலும் தெரிந்த முகங்கள். பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். யமன் கல்யாணி. பைராகி ரேவதி, கலாவதி நம் வலஜி. அவர்கள் தோடி என்பது நமக்கு சுபபந்துவராளி, அவர்கள் பைரவி என்பது ஏறக்குறைய நம் தோடி, அந்தக் குழப்பத்தில் நான் ஒரு வாரம் தவறான ராகத்தைத் தவறான பெயரில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மாமா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு (இயர்போன் அவருக்குப் பிடிக்காது) ஹிந்தோளம் முழுக்கக் கேட்டார். "என்றா மாப்ள இது, கச்சேரியும் இல்ல, டான்ஸும் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த பேஸ்ல எவனோ ஜாரு குடுக்கறான்டா" என்றார்.

எனக்கு அதுவரை பிடிபடாமல் இருந்தது அதுதான். 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற, அதாவது ஜாரு கொடுக்கிற வசதி உண்டு. மற்ற கீபோர்டில் சுரம் படி ஏறும், இதில் சறுக்கும். ராகம் தெரிந்தவன் கையில் அது கிடைத்தால் அவன் அந்தச் சறுக்கலை எங்கே வைப்பான் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மெஷின் பாட்டுக்கு ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, ஜாரு மட்டும் ராகத்துக்குத் தேவையான இடத்தில் விழுகிறது. கல்யாணியை நான் பதினைந்தாவது வளைவுக்கு மேல் கேட்பது வழக்கம், சில்வர் ஓக் மரங்கள் ஆரம்பிக்கும் இடம், காதும் திறந்திருக்கும்.

அடுத்து ஹைலு மெர்கியா. எத்தியோப்பியாக்காரர், அடிஸ் அபாபாவில் வாலியாஸ் என்ற குழுவோடு ஹில்டன் ஓட்டலில் ராத்திரி ராத்திரியாக வாசித்தவர். 1981இல் குழுவோடு அமெரிக்கா போனார், அங்கேயே தங்கிவிட்டார். 1985இல் தனியாக ஒரு கேசட். குழு இல்லாததால் தாளத்துக்கு மெஷின், மின்சார பியானோ, சிந்தசைசர், எல்லாவற்றுக்கும் மேலே சின்ன வயதில் கற்ற அக்கார்டியன். அப்புறம் மேடையை விட்டார். வாஷிங்டனில் டாக்சி ஓட்டினார். விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிக்கியிலிருந்து பேட்டரி கீபோர்டை எடுத்து வைத்து வாசித்துக்கொண்டிருப்பாராம். எத்தியோப்பியாவில் ஒரு கடையில் அந்தக் கேசட்டை வாங்கிய அமெரிக்கர் ஒருவர் அவரைத் தேடிப் பிடித்து 2013இல் அதை மறுபடி வெளியிட்டார். அதன் பின் ஹைலு மேடைக்குத் திரும்பினார், 2018இல் புது ஆல்பமும் வந்தது.

இதைக் கேட்கிற தமிழர் எவருக்கும் முதல் நிமிஷத்திலேயே ஒரு சந்தேகம் வரும், 'இது எங்கேயோ கேட்டதாக இருக்கிறதே' என்று. காரணம் இருக்கிறது. எத்தியோப்பிய இசை ஐந்து சுரத்தில் நிற்பது. அவர்களின் திசிதா என்ற அடிப்படை வரிசைகளில் ஒன்று அப்படியே நம் மோகனம். 'பாதி' என்று (நம் 'அரை' இல்லை, அவர்கள் வைத்த பெயர்) இன்னொரு வரிசை இருக்கிறது, அதன் ஒரு வகை ச க ம ப நி, அதாவது கம்பீரநாட்டை. சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அந்த ராகம். சுர வரிசை ஒன்றுதான், நடக்கிற நடை வேறு. தாளம் ஒரு பக்கம் நொண்டுகிற மாதிரி இருக்கும், சுரத்தை அவர்கள் உலுக்குகிற விதம் நம் கமகம் இல்லை. தெரிந்த முகத்தை வேறு வேஷத்தில் பார்க்கிற மாதிரி ஒரு சங்கடமான சந்தோஷம். மழை பெய்கிற நாளில் பஸ் ஜன்னலை இறக்கிவிட்டு கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்க, அந்த அக்கார்டியன் ஆர்மோனியப் பெட்டி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு போகும். என்னிடம் ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். சிங் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாகஸ்வரம் என்றதும் சார்லி மரியானோ. பாஸ்டனில் பிறந்த ஜாஸ் சாக்ஸபோன்காரர், நாகஸ்வரத்தின் மேல் பைத்தியமாகி அதைக் கற்றுக்கொண்டவர். ஜாஸ் உலகத்தில் அவரைத் தெரியும், நம் பக்கம் தெரியாது. ஆனால் நான் சொல்லப்போகும் 'ஜோதி' ஆல்பத்தை இரண்டு பக்கத்திலும் அதிகம் பேர் கேட்டதாகத் தெரியவில்லை. 1983இல் ஈ.சி.எம். என்ற ஜெர்மன் கம்பெனி வெளியிட்டது. கூட இருப்பவர்கள் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷன் குழு. மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி, பாட்டு அவர் மனைவி ஆர்.ஏ. ரமாமணி. இதில் மரியானோ நாகஸ்வரம் வாசிக்கவில்லை, சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். ஆனால் ஒரு தடவை சீவாளியைக் கடித்தவன் வாய் மாறிவிடும் போலிருக்கிறது. சுரத்தை அடியிலிருந்து தள்ளி மேலே கொண்டுவந்து நிறுத்துகிற அந்த மூச்சு, சுகவனேஸ்வரர் கோயிலில் சாயந்திரம் கேட்டிருப்பீர்கள், அது சாக்ஸபோனிலிருந்து வருகிறது. ஆல்பம் ஆரம்பிப்பதே ரமாமணியின் தனிக்குரலில்.  இந்த மாதிரி 'கலவை' முயற்சிகளில் வழக்கமாக வெள்ளைக்காரர் நடுவில் உட்கார்ந்திருப்பார், நம் ஆட்கள் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருப்பார்கள். இதில் அவர்தான் ஓரத்தில். பாதி நேரம் காத்திருக்கிறார். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கும்.

ஸிபில் பையர் பற்றி அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த ஆல்பத்திலேயே அதிகம் எதுவும் நடக்காது. ஜெர்மனியில் 1970க்கும் 73க்கும் நடுவில் வீட்டில் ஸ்பூல் டேப்பில் தனக்காகப் பாடி வைத்தது, பெரும்பாலும் கிடாரும் குரலும்தான். அமெரிக்கா போய்க் குடும்பம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டார். மகன் அந்த டேப்புகளைச் சேர்த்து சி.டி. ஆக்கப் போய்தான் 2006இல் 'கலர் கிரீன்' என்ற பெயரில் ஊருக்குத் தெரிந்தது. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்று பாடுகிற குரல். டிசம்பர் மூடுபனியில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும்போது மட்டும் இது சரியாக வரும். வெயிலில் கேட்டால் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும், கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ரூபா பிஸ்வாஸ் இதற்கு நேர் எதிர். கல்கத்தாப் பெண், கனடாவில் கால்கரிக்குப் போயிருந்தபோது பாடிய 'டிஸ்கோ ஜாஸ்', 1982. சரோட் என்ற தந்திக் கருவி வாசித்தவர் ஆஷிஷ் கான். நாலே நாலு பாட்டு, எல்லாம் நீளம் நீளமாக. அதில் வங்காளியில் 'இன்னைக்கு சனிக்கிழமை' என்று ஒரு பாட்டு, சனிக்கிழமை என்பதைத் தவிர பாட்டில் வேறு விஷயம் எனக்குப் புரியவில்லை, தேவையும் படவில்லை. விற்கவில்லை, அவர் ஊர் திரும்பிக் குடும்பம் நடத்தினார், பிற்பாடு அந்த ரெக்கார்டை உலகம் தேட ஆரம்பித்து 2019இல் மறுபடி வந்தது. மேலே போகும்போது வேண்டாம், கீழே இறங்கும்போது கேளுங்கள். டிரைவர் வேகமும் அதுவும் ஒத்துப்போகும்.

இப்படிக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது எனக்கே ஒரு எரிச்சல் வருகிறது. கதை நன்றாக இருந்தால் பாட்டும் நன்றாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அதற்கு உதாரணம் தி ஷாக்ஸ். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர், ஒரு அப்பா. உன் மகள்கள் பாட்டுக் குழு வைத்துப் பேர் வாங்குவார்கள் என்று அவருடைய அம்மா கைரேகை பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் மகள்களின் படிப்பை நிறுத்தி, கையில் கிடாரும் டிரம்மும் கொடுத்து, 1969இல் ஆல்பம் போட்டுவிட்டார். பெண்களுக்கு வாசிக்க வராது. தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இதை மேதைமை என்று சொல்கிற கூட்டம் இருக்கிறது. நான் மூன்று தடவை முயற்சி செய்தேன், ஒரு தடவைகூட ஐந்தாவது வளைவைத் தாண்டவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அப்பா பேச்சுக்காக வாசிக்கிறார்கள் என்பது காதிலேயே கேட்கிறது. அதைக் கலை என்று ரசிக்க எனக்கு மனசு வரவில்லை.

கேரளத்து அவியல் குழுவின் 2008 ஆல்பத்தையும் சொல்ல நினைத்தேன், ஆனால் ராக் கேட்கிற பையன்களுக்கெல்லாம் அது தெரியும், 'நட நட' தெரியாத எஞ்சினீயரிங் பையன் யார். விடுங்கள்.

மாமாவின் குழு ஆல்பம் எதுவும் போடவில்லை. போடலாம் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. ஒரே ஒரு கேசட் இருக்கிறது, 90 நிமிஷ டி.டி.கே., ஏதோ ஒரு வருஷம் ஆடிப் பண்டிகைக் கச்சேரியில் மைக்செட்காரர் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது. போன மாதம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் போனுக்கு மாற்றினேன். பாட்டுகள் எல்லாம் சினிமாப் பாட்டுதான், பாடகர் சுமார், நடுவில் நடுவில் 'பச்சைக் கலர் சட்டை போட்ட பையனின் தாயார் எங்கிருந்தாலும் மேடைக்கு அருகே வரவும்' என்று அறிவிப்பு. ஆனால் ஒரு இடத்தில் கரண்டு விஷயமோ என்னவோ, பாடகர் மைக் செத்துவிடுகிறது. மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாமா மட்டும் நிறுத்தவில்லை. கீபோர்டில் இருந்த தாளத்தைப் போட்டுவிட்டு மோகனத்தில் ஏதோ வாசித்துக்கொண்டே போகிறார், நாலு நிமிஷத்துக்கு மேல், பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கூட்டத்தை எழுந்து போகாமல் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பன்னிரண்டாவது வளைவில், அடைத்த காது திறந்த நேரத்தில் அது வந்தது. இரண்டு தடவை திருப்பிப் போட்டேன், அன்றைக்கு சீட் கிடைத்திருந்ததால் கை சும்மா இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அந்த நாலு நிமிஷம் வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டா மாப்ள, அந்த சிங்கு வெச்சிருந்த பேஸ் பொட்டி, இப்ப வித்தா என்ன போகும்?" என்று கேட்டார்.

லட்சக்கணக்கில் போகும் மாமா, பழசுக்குத்தான் மதிப்பு என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே பார்த்து, "ஏ, என் பழைய கேசியோவ எடைக்குப் போட்டமே, எவ்ளோ குடுத்தான்?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை, நாற்பது ரூபாய் என்றார், ஸ்டாண்டோடு சேர்த்து.